எல்லாருக்கும் உரிய வண்டி



நாள் தவறாமல் நாம் சொல்லும் ‘பஸ்’ என்ற சொல் எந்தப் பாஷையைச் சேர்ந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? ஆங்கிலம் என்றுதான் பலரும் எண்ணுவோம். உண்மையில் அது ஒரு லத்தீன் சொல்லின் வால். முழுச் சொல் ‘ஓம்னிபுஸ்.’ லத்தீன் பூசை கண்ட பெரியவர்கள் அதைப் பூசையிலேயே எத்தனையோ தடவை கேட்டிருப்பார்கள். அதன் பொருள் ‘எல்லாருக்கும்’ என்பது. பிரான்சு தேசத்தின் நாந்து நகரத்தில் 1826ஆம் ஆண்டு ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஓட்டிய பொதுக் குதிரைவண்டிக்கு இந்தப் பெயர் வந்து சேர்ந்தது. காசு கொடுக்கிற எவரும் ஏறலாம் என்பதால் ‘எல்லாருக்கும்’ என்று பெயர். பிறகு ஜனங்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு முன்னோடியாக இன்னொரு வண்டியும் இருந்தது. கணிதத்திலும் தத்துவத்திலும் பெயர் பெற்ற பிளேஸ் பாஸ்கல் யோசனை சொல்லி, 1662ஆம் ஆண்டு மார்ச் 18ந் தேதி பாரீசில் ஒரு பொது வண்டி ஓடத் தொடங்கியது. குறித்த தடம், குறித்த நேரம், தலைக்கு ஐந்து ‘சூ’ காசு. இன்றைய டவுன் பஸ்ஸுக்கு வேண்டிய இலட்சணம் யாவும் அதில் இருந்தன. ஆனால் பாரீசின் உயர்மன்றம் அதற்கு அனுமதி தரும்போது ஒரு நிபந்தனை போட்டது: சிப்பாய்கள், ஏவலாட்கள், கூலிக்காரர்கள் இவர்கள் ஏறலாகாது. ஆக, பொது வண்டி பிறந்த அன்றே, அந்தப் ‘பொது’வில் சேராதவர் இன்னார் என்ற பட்டியலும் கூடவே பிறந்துவிட்டது.

இன்று நம்முடைய நாமகிரிப்பேட்டையில் நின்று ராசிபுரம் பஸ்ஸைப் பார்த்தால், அதில் அப்படி ஒரு பட்டியல் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. வாசற்படியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அந்தப் படி ஏன் அவ்வளவு உயரமாக இருக்கிறது? நம்முடைய மாவட்டத்தாருக்கு இதை விளங்கவைப்பது சுலபம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள், கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறார்கள். இரண்டுக்கும் அடியில் கிடக்கும் சேஸிஸ் வெகுகாலமாக ஒரே ஜாதிதான். பாரம் ஏற்றுவதற்கென்று அமைந்த லாரிச் சேஸிஸின் மேலேயே ஆள் ஏற்றும் பஸ்ஸையும் கட்டிக்கொண்டு வந்தோம். முன்னால் எஞ்சின், நடுவே நீண்ட இரும்புச் சட்டம், அதற்குமேல் தளம். ஆகவே பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது, அதாவது மூன்றடிக்குச் சற்றே குறைவு. மஞ்சள் மூட்டைக்கு இந்த உயரம் ஒரு பொருட்டல்ல. மூட்டைக்கு முழங்கால் இல்லை. மனிதனுக்கு இருக்கிறது. பக்கவாதம் வந்த பெரியவருக்கும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவருக்கும், கர்ப்பிணிக்கும், எண்பது வயதுப் பாட்டிக்கும் அந்த மூன்றடியே ஒரு மலை.

தளத்தை இறக்கிக் கட்ட முடியாதென்பதில்லை. பாதித் தாழ்தளப் பஸ் 650 மில்லிமீட்டர். முழுத் தாழ்தளப் பஸ் 400 மில்லிமீட்டர். பின்னதில் வாசலருகே ஒரு பலகையை விரித்தால் சக்கர நாற்காலி அப்படியே உருண்டு உள்ளே போய்விடும். நிறுத்தத்தில் வாசல் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து, யானை மண்டியிடுவதுபோல் மண்டியிடும் அமைப்பும் அதில் உண்டு. சென்னையில் இந்தப் பஸ்களுக்காக மாற்றுத் திறனாளிகள் ஐகோர்ட்டுக்குப் போனார்கள்; வைஷ்ணவி ஜெயகுமார் என்பவர் தொடுத்த வழக்கு அவற்றில் முக்கியமானது. தெருக்கள் குறுகல், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது, விலையும் அதிகம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. முடிவில் 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30ந் தேதி வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பஸ்கள் புறப்பட்டன. நம்முடைய பிள்ளைகள் பிழைப்புக்குப் போயிருக்கும் சிங்கப்பூரிலோ, பொதுப் பஸ்கள் யாவுமே சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. ஓட்டுநர் தாமே இறங்கி வந்து பலகையை விரித்து ஏற்றிக்கொள்கிறார்.

இந்தப் பெருமையெல்லாம் ராசிபுரம்–ஆத்தூர் ரஸ்தாவில் நிற்பவருக்கு என்ன உபயோகம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

சட்டத்தில் குறைவில்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டமே பஸ்ஸையும் ரயிலையும் ஊனமுற்றோர் ஏற வசதியாக அமைக்கச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 41வது பிரிவில், பஸ் நிறுத்தம், டிக்கெட் கவுண்டர், கழிப்பிடம், வண்டி, சாலை ஆகிய அனைத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2020 மார்ச் 1 முதல், புதிதாகப் பதிவாகும் பஸ்களில் முன்னுரிமை இருக்கை, பிடிகம்பி, ஊன்றுகோலையும் நடைவண்டியையும் பத்திரமாக வைக்கும் இடம், சக்கர நாற்காலி ஏறவும் பூட்டி நிறுத்தவும் ஏற்பாடு ஆகியவற்றை மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கின்றன. 2024 நவம்பர் 8ந் தேதி, ராஜீவ் ரதூரி வழக்கில், இத்தகைய வசதிகளை வெறும் சிபாரிசாக விட்டுவைக்கக்கூடாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அப்படியிருந்தும் நம் பக்கத்துப் பஸ்கள் ஏன் இப்படி நிற்கின்றன? பழைய சட்டத்தில் ‘பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு’ என்று ஒரு வார்த்தை இருந்தது. புதிய சட்டத்திலும் ‘பொருளாதார ரீதியில் இயலுமானால்’ என்ற கருத்து இருக்கிறது. படி இறங்காத பஸ்களெல்லாம் இந்தச் சின்ன வாசல் வழியாகவே முப்பது வருஷமாகத் தப்பித்துக்கொண்டு வருகின்றன என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நாம் இரண்டு காரியங்களைப் படிக்க வேண்டும். இருக்கிற பஸ்ஸில், இருக்கிற சலுகையோடு, இன்றைக்கே எப்படிப் பிரயாணம் செய்வது என்பது ஒன்று. பக்கத்தில் நிற்பவர் கை எப்படி உதவ வேண்டும் என்பது மற்றது. படியைத் தாழ்த்துவது அரசாங்கத்தின் வேலை. கையைச் சரியாக நீட்டுவது நம்முடைய வேலை.

முதலில் சலுகை. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதே 2021ஆம் ஆண்டில் அந்தச் சலுகை மாற்றுத் திறனாளிகளுக்கும், அவர்களுடன் துணைக்கு வரும் ஒருவருக்கும் விரிவாக்கப்பட்டது என்பது பல வீடுகளில் இன்னும் தெரியாமலிருக்கிறது. ‘என் மகள் பெண்பிள்ளைதானே, அவளுக்கு எப்படியும் இலவசம், கார்டு எதற்கு?’ என்று கேட்கும் தகப்பனார் உண்டு. கார்டு இருந்தால் துணைக்குப் போகிற அவருக்கும் டிக்கெட் இல்லை என்பதுதான் விஷயம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறவருக்கு அது சின்னத் தொகையல்ல.

வெளியூர் போகும் அரசுப் பஸ்களில் அடையாள அட்டையைக் காட்டினால் நான்கில் ஒரு பங்கு கட்டணம்தான். அட்டையின் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். தனியார் பஸ்களில் இவற்றை எதிர்பார்க்கவேண்டாம். நம்முடைய தடங்களில் தனியார் பஸ் அதிகமாகையால், ஏறுமுன் பஸ்ஸின் நெற்றியைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏறியபின் கண்டக்டரோடு வாதாடிப் பிரயோஜனமில்லை. சேலம்–கரூர் ரயில் பாதை 2013இல் திறந்ததிலிருந்து ராசிபுரத்துக்கும் ஸ்டேஷன் உண்டு. முற்றிலும் பார்வையற்றவர், துணையின்றிப் பிரயாணம் செய்ய முடியாத கை கால் ஊனமுற்றவர், அறிவு வளர்ச்சிக் குறைவுள்ளவர் ஆகியோருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவிகிதம் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கும் அதே தள்ளுபடி. பேசவும் கேட்கவும் இரண்டுமே இயலாதவர்க்கு 50 சதவிகிதம். இதற்கு ரயில்வே படிவத்தில் அரசு டாக்டர் சான்று வேண்டும்.

இவையெல்லாவற்றுக்கும் திறவுகோல் ஒரு அட்டை. ‘யூடிஐடி’ என்கிறார்களே, அந்தத் தனித்துவ அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்றுக்கொள்கிறது. முந்தின சட்டத்தில் ஏழுதான். 40 சதவிகிதமும் அதற்கு மேலும் ஊனம் என்று டாக்டர் சான்று தந்தால் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். ஆதார், போட்டோ இவற்றுடன் இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம். நாமக்கல்லில் மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தையும் அணுகலாம்.

அங்கேதான் சங்கடம் வருகிறது. பஸ் சலுகைக்கு அட்டை வேண்டும். அட்டைக்குப் பஸ் ஏற வேண்டும்! நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் ஒரு பஸ். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் ஒரு பஸ். 2024இல் முதலைப்பட்டியில் புதிய பஸ் ஸ்டாண்டு வந்தபின், அங்கே இறங்கிக் கலெக்டர் ஆபீசுக்கு இன்னொரு பஸ். போக மூன்று ஏற்றம், மூன்று இறக்கம், வரவும் அப்படியே. ஆக ஒரு கையெழுத்துக்காக ஆறு தடவை ஏறி ஆறு தடவை இறங்க வேண்டும். காலூன்ற முடியாத ஒருவரையும் அவருடைய தாயாரையும் மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பலர் பாதி வழியில் மனம் விட்டுப்போவதற்குச் சோம்பல் காரணமல்ல என்று தெரியும்.

இதற்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், ஊரில் ஓடும் பஸ்ஸில் ஊனத்தின் காரணமாக ஏற இயலாதவர்களுக்கென்று பங்கு வண்டிகளை நடத்தும்படி பஸ் நடத்துகிற ஸ்தாபனங்களைக் கட்டாயப்படுத்தியது. பஸ் தடத்தின் இரு பக்கமும் முக்கால் மைல் வரையில் அந்த வண்டி வர வேண்டும். கட்டணம் பஸ் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேற்படக்கூடாது. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். ஒரே வண்டி நாலைந்து பேரை வீடு வீடாய் ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போகும், சற்று நேரமாகும், யாரும் தனியாக வண்டி பிடிக்கும் செலவில்லை. நம்மிடம் அந்தச் சட்டமில்லை. ஆனால் சட்டத்தின் சாரத்தை நாலு குடும்பங்கள் சேர்ந்தால் உண்டாக்கிக்கொள்ளலாமே! கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் திங்கட்கிழமை. இந்தத் தெருவில் ஒரு பையன், அடுத்த காட்டில் ஒரு பெரியவர், மெட்டாலாவில் ஒரு அக்காள் என்று அட்டை எடுக்க வேண்டியவர்கள் தனித்தனியே மூன்று திங்கட்கிழமை போவதைவிட, ஒரே திங்கட்கிழமை ஒரு வேனைப் பேசிக்கொண்டு சேர்ந்து போனால் செலவு மூன்றில் ஒன்று. ஏற்றி இறக்க ஆறு கை இருக்கும். வரிசையில் நிற்க ஒருவர், நகல் எடுத்துவர ஒருவர் என்று வேலையும் பங்காகும். ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷத்தில் பேசி முடிக்கக்கூடிய ஏற்பாடு இது.

‘இவ்வளவு சிரமம் எதற்கு? அவனுக்கு வேண்டியதை நாமே வீட்டில் செய்து கொடுத்துவிடுகிறோமே, வெளியே போய் என்ன ஆகவேண்டும்?’ என்று சிலர் சொல்லக்கூடும். இப்படிச் சொல்லுகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் பாசம் மிகுந்த தாய் தகப்பன்மார்களே இதைச் சொல்லுகிறார்கள். கீழே விழுந்துவிடுவான், நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள், நமக்கும் மனம் தாங்காது என்ற பயம். அந்தப் பயத்தை நான் இகழவில்லை. ஆனால் அதன் விலை என்னவென்று பார்க்கவேண்டும். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் படிப்பில்லை. பிசியோதெரபிக்குப் போகாத கால் மடங்கியபடியே இறுகிவிடுகிறது. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வராதவனை ஊர் சிறிது சிறிதாக மறந்துவிடுகிறது; ‘அந்த வீட்டில் இன்னொரு பையன் இருந்தானே, இருக்கிறானா?’ என்று கேட்கும் அளவுக்கு. பெற்றோர் காலத்துக்குப்பின் அவன் யாரிடம் போவான்? பஸ் ஏறிப் பழகாதவனுக்கு வீட்டு வாசலோடு உலகம் முடிந்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர் ஊனமுற்றவர்கள். நாம் ஏறும் பஸ்களில் அவர்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இதே கேள்விதான் டென்வர் நகரத்தில் 1978ஆம் ஆண்டு தெருவுக்கு வந்தது. காப்பகங்களில் பராமரிக்கப்பட்டு வந்தவர்கள் சிலர், ‘உணவும் படுக்கையும் தந்தீர்கள், வாழ்க்கை எங்கே?’ என்று வெளியே வந்து சொந்தமாகக் குடியிருந்தார்கள். வெளியே வந்தபின்தான் பஸ் ஏற முடியாதென்று கண்டார்கள். ஜூலை 5ந் தேதி 19 பேர் சக்கர நாற்காலிகளோடு நகரின் நாற்சந்தியில் இரண்டு பஸ்களை மறித்து, இரவு முழுவதும் தெருவிலேயே கிடந்தார்கள். ‘நாங்கள் ஏறுவோம்’ என்பதே அவர்கள் கோஷம். பணம் கேட்கவில்லை, பரிவு கேட்கவில்லை. காசு கொடுத்து மற்றவர்களைப்போல் பஸ்ஸில் போகக் கேட்டார்கள். மேலே சொன்ன 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பாதை போட்டவற்றில் அந்த இரவும் ஒன்று.

இனி, உதவும் கையைப்பற்றி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நல்ல மனதோடு தவறாகச் செய்யும் உதவியால் விழுந்தவர்கள் உண்டு.

எந்த உதவிக்கும் முன்னால் ஒரு கேள்வி: ‘ஐயா, கை கொடுக்கட்டுமா? எப்படிப் பிடிக்கட்டும்?’ இவ்வளவே. தன் உடம்பை எப்படித் தூக்கவேண்டுமென்று அவரைவிட அறிந்தவர் இல்லை. ‘வேண்டாம்’ என்றால் கோபிக்காமல் விலகி நிற்க வேண்டும்.

கட்டைக் கோல் ஊன்றுகிறவர் படி ஏறும்போது பலமுள்ள கால் முன்னே, கோலும் பலவீனமான காலும் பின்னே. இறங்கும்போது தலைகீழ்: கோலும் பலவீனமான காலும் முன்னே, பலமுள்ள கால் பின்னே. இதை அறியாமல் நாம் முன்னாலிருந்து கையைப் பிடித்து ‘வாங்க வாங்க’ என்று இழுத்தால், அவர் எந்தக் காலை வைப்பதென்று தடுமாறிப் போவார். ஒரு கையால் கம்பியைப் பிடிக்க அவருக்கு வழிவிட்டு, ஒரு கோலை மட்டும் வாங்கிக்கொண்டு, ஏறுகையில் அவருக்குப் பின்னாலும் இறங்குகையில் அவருக்குக் கீழேயும் நில்லுங்கள். இழுப்பதைவிடக் காவலாக நிற்பதே உதவி. வாங்கிய கோலை அவர் கைக்கெட்டும் இடத்திலேயே வைக்கவேண்டும். மூலையில் கொண்டுபோய்ச் சார்த்துவது அவருடைய காலை எடுத்து ஒளித்துவைப்பதற்கு ஒப்பாகும்.

பார்வையற்றவரை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகிறோம். அவர் கைத்தடியைப் பிடித்தும் இழுக்கிறோம். இரண்டும் கூடாது. உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடந்தால் உங்கள் உடம்பின் அசைவிலேயே மேடும் பள்ளமும் அவருக்குத் தெரிந்துவிடும். பஸ் வந்ததும் அது எந்த ஊர் பஸ் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாசலில் அவர் கையைக் கம்பியில் வைத்து, எத்தனை படி என்று சொல்லுங்கள். இறங்குமிடத்தில் சாக்கடை எந்தப் பக்கம் என்பதையும் மறக்கவேண்டாம்.

காது கேளாதவருக்கு விசிலும் கேட்காது, ‘ஆண்டகளூர் கேட்டு இறங்கு’ என்ற கூப்பாடும் கேட்காது. காதருகே உரத்துக் கத்துவதில் பயனில்லை. முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். இல்லையேல் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டலாம்.

நடக்க முடியாதவரைத் தூக்கவேண்டி வந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அக்குளில் கைவிட்டு ஒருவரே இழுத்தால் தோள்மூட்டு நழுவக்கூடும். பெண்ணாயிருந்தால் அவர் வீட்டாரோ வேறு பெண்களோ தூக்கட்டும். சக்கர நாற்காலியின் கைப்பிடிப் பலகையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பலவற்றில் அது தனியே கழன்று வந்துவிடும். இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

பஸ் ஓட்டுகிறவர்களும் கண்டக்டர்களும் நம் குடும்பங்களில் இருக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டே வார்த்தை. நிறுத்தத்தில் நடைமேடை இருந்தால் பஸ்ஸை அதன் ஓரமாக ஒட்டி நிறுத்தினாலே ஏறும் உயரத்தில் அரையடி குறைந்துவிடும். நடுரஸ்தாவில் நிறுத்தினால் அந்த அரையடி திரும்ப வந்துவிடும். அடுத்தது, ஏறியவர் உட்கார்ந்தபின் ‘ரைட்’ சொல்லுங்கள். பத்து விநாடி தாமதத்தால் டைமிங் கெட்டுவிடாது.

அறிவு வளர்ச்சிக் குறைவோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையைக் கூட்டிவரும் தாயின் நிலைமை தனி. அந்தப் பிள்ளைக்குக் கூட்டமும் ஹாரனும் தாங்காது. கத்தலாம், கையை உதறலாம். உடனே பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. ‘பிள்ளையை அடக்கக்கூடாதா அம்மா?’ என்று ஒருவர் கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே அந்தத் தாய் அடுத்த வாரம் வருவதில்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் ஓர் உபகாரம். ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. தாய்மாருக்குச் சொல்வது: கூட்டமில்லாத நேரத்துப் பஸ்ஸில், முதலில் இரண்டு நிறுத்த தூரம், பிறகு நாலு நிறுத்தம் என்று பழக்குங்கள். ஒரே பஸ், ஒரே பக்கத்து இருக்கை, இறங்குமுன் ஒரே அடையாளம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளை நாளடைவில் தானே வழி சொல்லும்.

இருக்கையைப்பற்றி ஒரு வழக்கு உண்டு. இங்கிலாந்தில் 2012ஆம் ஆண்டு டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியில் லீட்ஸ் நகரத்துக்குப் போக வந்தார். அவருக்குரிய இடத்தில் ஒரு தாய் தூங்கும் குழந்தையோடு தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தாள். ஓட்டுநர் கேட்டுப் பார்த்தார், அவள் மறுத்தாள், பாலி இறங்கிவிட வேண்டியதாயிற்று. ஐந்து வருஷம் வழக்கு நடந்து, 2017 ஜனவரி 18ந் தேதி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வெறுமனே ஒருதரம் கேட்டுவிட்டு ஓட்டுநர் கைகழுவிவிடக் கூடாது, நியாயமின்றி மறுக்கிறார் என்று கண்டால் மேலும் வற்புறுத்த வேண்டும், அவசியமானால் பஸ்ஸைச் சற்று நிறுத்தி வைத்தாவது. ஆனால் அந்தத் தாயைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. கஷ்டமுள்ள இரண்டு பேர் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்போது சட்டம் அவ்வளவு தூரம்தான் வரும்.

நம்முடைய பஸ்ஸில் அந்த இடத்தில் தள்ளுவண்டி இராது; காய்கறிக் கூடையும் உர மூட்டையும் இருக்கும். அல்லது நாமே உட்கார்ந்திருப்போம். அதோடு இன்னொன்று: 21 வகை ஊனத்தில் ஹீமோபீலியா, தாலசீமியா, பார்க்கின்சன் போன்ற நோய்களும் அடங்கும். வாட்டசாட்டமாய் ஒரு வாலிபன் அந்த இருக்கையில் இருந்தால் உடனே அதட்ட வேண்டாம். அவனிடம் அட்டை இருக்கலாம்.

வார்த்தையைப்பற்றியும் சொல்லியாக வேண்டும். நொண்டி, செவிடு, குருடு, பைத்தியம் என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று. இப்போது ‘மாற்றுத் திறனாளி’ என்கிறோம். வாயில் புதுச் சொல்லை வைத்துக்கொண்டு, ‘இதுங்களையெல்லாம் ஏன் கூட்டத்துல கூட்டியாறீங்க?’ என்று கேட்டால் என்ன லாபம்? பலர் பார்க்க ஓர் ஊனமுற்றவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு.

நிறுத்தாமல் போன பஸ், அட்டையைக் காட்டியும் சலுகை மறுத்த பஸ் இவற்றைப்பற்றிக் குறை சொல்லும்போது கோபத்தை எழுதாமல் விவரத்தை எழுதுங்கள். பஸ்ஸின் பதிவு எண், தடம், தேதி, நேரம், நிறுத்தத்தின் பெயர், டிக்கெட் கொடுத்திருந்தால் அந்த டிக்கெட். இவ்வளவும் இருந்தால் கிளை மேலாளர் விசாரிக்காமல் இருக்க முடியாது. அவர் தாமதித்தால் திங்கட்கிழமை கலெக்டர் மனு. அதற்கும் மேல் மாற்றுத் திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். மனுவின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்கத் தவறாதீர்கள்.

அட்டையில்லாதவர் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருந்தால், ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், நாலு போட்டோ, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இவற்றை ஒரு பையில் போட்டு இன்றைக்கே ஆணியில் மாட்டி வையுங்கள். வேன் பேசுகிறவர்கள் ஆள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும்; சக்கர நாற்காலி எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அதற்கும் வண்டியில் இடம் பார்க்க வேண்டும்.